தீர்க்கதரிசனம் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களிடம் சிக்காமல் ஒரு கிறிஸ்தவர் எப்படி விழிப்பாக இருப்பது?

யாராவது ஒரு வசனத்தைச் சொல்லி உங்களை அவசரப்படுத்தினால், வேதாகமத்தைத் திறந்து அந்த வசனத்தை முழுவதும் வாசியுங்கள். முன்னும் பின்னும் நாலு வசனம் சேர்த்து வாசியுங்கள். நான் பணத்தையும் கண்ணீரையும் கொடுத்துக் கற்றுக்கொண்டது இது.

2021-ல் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா காலத்திலிருந்தே சபைக்குப் போகிற குடும்பம். ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் ஒரு நேரலை ஜெபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபிக்கச் சொல்லி, அப்பாவின் பெயர், ஊர், கிட்னி பிரச்சினை, என் போன் நம்பர் எல்லாவற்றையும் கமெண்டில் எழுதினேன். அப்புறம் அதை மறந்தே போனேன்.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. அப்பாவின் பெயரைச் சொல்லி, "மகளே, உன் தகப்பனுடைய இடுப்பில் ஒரு கட்டு இருக்கிறதை ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார்" என்றார் ஒருவர். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அணைக்கக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டு நின்றேன். அந்தக் கட்டு, அதாவது தீய சக்தியின் பிடி, அறுபட மூன்று நாளைக்குள் 21,000 ரூபாய் விதைக் காணிக்கை (ஆசீர்வாதம் விளையும் என்று நம்பி விதைபோலக் கொடுக்கும் பணம்) அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "இதை யாருக்கும் சொல்லாதே. குஷ்டரோகியைச் சுகமாக்கிவிட்டு இயேசுவே அப்படித்தானே சொன்னார்? வெளியே தெரிந்தால் அற்புதம் தடைபடும்" என்றார். அதையும் நம்பினேன்.

அடுத்த வாரம் 50,000 கேட்டார். அடகு வைக்கச் செயினைக் கழற்றும்போது அம்மா பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் திட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த வசனத்தை எடு, முழுசா வாசி" என்றாள்.

மத்தேயு 8:4. ஒருவருக்கும் சொல்லாதே என்றதோடு இயேசு நிறுத்தவில்லை. போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பித்து, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து என்கிறார். குஷ்டம் நீங்கியவனை ஆசாரியன் பார்த்துச் சோதித்துச் சுத்தமானவன் என்று சொல்ல வேண்டும்; லேவியராகமம் 14-ல் அந்த முறை விவரமாக இருக்கிறது. தாம் செய்த அற்புதத்தையே இன்னொருவர் சோதித்துப் பார்க்கட்டும் என்று ஆண்டவர் அனுப்புகிறார். காணிக்கையும் அந்த வசனத்தில் உண்டு, ஆனால் அது சுகமான பிறகு, நியாயப்பிரமாணத்தின்படி செலுத்துவது. அந்த மனிதர் எனக்கு முன்பாதியை மட்டும் சொல்லியிருந்தார்.

வனாந்தரத்தில் பிசாசு செய்ததும் இதுதான். 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். சங்கீதத்தில் "உன் வழிகளிலெல்லாம்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. மத்தேயு 4:6-ல் பிசாசு சொல்லும்போது அது இல்லை. இயேசுவோ அவனுக்கு இன்னொரு வசனத்தால் பதில் சொன்னார். வஞ்சனை வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டும் வரும் என்று இத்தனை வருஷம் சபையில் உட்கார்ந்து கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

1 இராஜாக்கள் 13-ஐயும் வாசியுங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவமனுஷனுக்கு, அங்கே அப்பம் புசியாமல் தண்ணீர் குடியாமல் திரும்பிப் போக வேண்டும் என்று தெளிவான கட்டளை இருந்தது. ராஜா கூப்பிட்டும் அவன் போகவில்லை. ஆனால் ஒரு கிழவனான தீர்க்கதரிசி, நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் என்னோடு பேசினான் என்று பொய் சொன்னதும் கூடவே போய்ச் சாப்பிட்டான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. எனக்கு இன்றும் நடுக்கம் தருகிற அதிகாரம் இது.

பணம் கேட்கிறவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் நன்றியாகக் கொண்டுவந்ததை எலிசா தீர்க்கதரிசி தொடவில்லை (2 இராஜாக்கள் 5). பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வாங்கியவன் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி.

விழித்திருங்கள் என்றால் ராத்திரி கண்விழித்து ஜெபிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். 1 பேதுரு 5:8 "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள்" என்று தொடங்கி, அதற்குப் பிறகுதான் விழித்திருக்கச் சொல்கிறது. யூடியூப் பார்த்த அந்த ராத்திரி என் கண் விழித்திருந்தது. பயமும் ஏக்கமும் நிரம்பிய புத்தி தெளிவாக இல்லை. அதனால் இப்போது, மனசு கலங்கியிருக்கிற நாளில் யார் எந்த வெளிப்பாடு சொன்னாலும் அன்றைக்கே முடிவெடுப்பதில்லை. எங்கள் ஐயரிடமோ (சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அம்மாவிடமோ சொல்கிறேன். பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அதற்காக வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்றுதான் சொல்கிறது. ஆகவே சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள்.

ஜெப விண்ணப்பத்தைப் பொதுவெளியில் எழுதினால் பெயர், நம்பர், வியாதி எதையும் போடாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். நான் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். பணம் திரும்பி வரவில்லை.

அப்பா இப்போதும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். ஐயர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து ஜெபிப்பார். நடந்ததையெல்லாம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் சொல்லும்படி அவர்தான் எனக்குத் தைரியம் கொடுத்தார். சொல்லி முடித்ததும் இரண்டு பெண்கள் அடுக்களைக்கு என் பின்னாலேயே வந்தார்கள். இரண்டு பேருக்கும் அதே மாதிரி போன் வந்திருக்கிறது. ஒருத்தி மறுநாள் காலையில் பணம் அனுப்புவதாக இருந்தாள்.