கியர்பாக்ஸைக் கடைசியாக வாங்குங்கள்

கேள்வி: ஒஹையோவில் ஒரு 1969 செவர்லே செவெல் எஸ்எஸ் 396 கார் (396 என்பது எஞ்சினின் கன அங்குல அளவு) வாங்கியிருக்கிறேன். ஃபேக்டரியில் நாலு கியர் மேனுவலாக வந்த கார், பிறகுதான் டர்போ 400 ஆட்டோமேட்டிக் போட்டார்கள் என்கிறார் விற்றவர். திரும்ப மேனுவலாக்க ஆசை. ஒரு மன்சி கியர்பாக்ஸ் (அந்தக் கால ஜிஎம் கார்களின் நாலு கியர் மேனுவல்) விலைக்கு வந்திருக்கிறது. வாங்கி மாட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கியர்பாக்ஸ் என்றைக்கும் கிடைக்கும். வேலையின் நேரத்தையும் பணத்தையும் தின்பது அதைச் சுற்றியிருக்கும் சாமான்கள், அவற்றைப் பார்த்த பிறகுதான் எந்த மன்சி வேண்டும் என்பதே தெரியும்.

விற்றவர் சொன்னது உண்மையா என்று முதலில் பாருங்கள். 1969 செவெலின் வின் எண்ணில் (காரின் அடையாள எண்) கியர்பாக்ஸ் விவரம் கிடையாது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், நாலு கியர் காரில் ஷிஃப்டருக்காகத் தரைத்தகட்டை வெட்டி மேலே மேடாக ஒரு தகட்டை வெல்டிங் செய்திருப்பார்கள். பெட்ரோல் டேங்குக்கு மேலே பில்ட் ஷீட் (ஃபேக்டரியில் காரில் என்னென்ன போட்டார்கள் என்ற பட்டியல்) ஒட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்தான். இப்போது இருக்கும் டர்போ 400-இல் பதித்த எண்ணையும் துடைத்துப் படியுங்கள். அது உங்கள் வின்னின் கடைசி இலக்கங்களோடு பொருந்தினால் கார் பிறந்ததே ஆட்டோமேட்டிக்காகத்தான், அப்போதும் மாற்றலாம், ஆனால் தகடு வேலை கூடும், அந்த ஆட்டோமேட்டிக்கை விற்காமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனை. மேனுவல் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனி அங்கே ஒரு வெண்கல பைலட் புஷ்ஷில் உட்கார வேண்டும். ஆட்டோமேட்டிக்குக்கென்று போன சில கிராங்குகளில் அந்தத் துளையை முழு அளவுக்குக் கடையாமலே விட்டிருப்பார்கள். கார் மேனுவலாகப் பிறந்திருந்தாலும் நடுவில் யாராவது எஞ்சினை மாற்றியிருக்கலாம் இல்லையா, அதனால் டர்போ 400-ஐ இறக்கின அன்றே வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். துளையின் விட்டம் சுமார் 1.09 அங்குலம் இருக்க வேண்டும். ஃப்ளைவீல் (கிராங்கோடு சுற்றும் கனமான சக்கரம்) வாங்கும்போது 396-க்கு நியூட்ரல் பேலன்ஸ் (சமன் செய்யத் தனி எடை இல்லாதது) என்று கேட்டு வாங்குங்கள், 454 எஞ்சினுக்கு வருவதைப் போட்டால் எஞ்சின் உதறும்.

இனி வருவதுதான் பலர் தாண்டிப் போகிற இடம்: பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு. கியர்பாக்ஸின் முன்பக்க வளையம் பெல் ஹவுசிங்கின் நடுத்துளையில் உட்காரும், ஷாஃப்ட் நுனி கிராங்கில் உட்காரும், இந்த இரண்டு மையமும் ஒரே கோட்டில் இருந்தே ஆக வேண்டும். பழைய பிளாக்கும் எங்கிருந்தோ வந்த பெல் ஹவுசிங்கும் சேரும்போது அப்படி இருக்கும் என்று நம்பவே முடியாது. டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) ஃப்ளைவீலில் காந்தத்தால் நிறுத்தி, முனையை நடுத்துளையின் உள்விளிம்பில் தொடவிட்டு, எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். முள் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் மைய விலகல், அது 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஆஃப்செட் டவல் பின் (பெல் ஹவுசிங்கை எஞ்சினில் நிறுத்தும், மையம் விலகிய முளை) போட்டுத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யலாம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் இதை விட்டால் கியர் இறுக்கமாக விழும், ஓட்டத்தில் தானாகக் கழன்று வரும், பைலட் புஷ் சீக்கிரம் தேய்ந்துபோகும், கடைசியில் பழி மட்டும் நல்ல கியர்பாக்ஸ் மேல் விழும்.

கிளட்ச் பக்கம் பெடல் செட், இஸட்-பார் (பெடல் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் தண்டு), அது உட்காரும் பந்துமுனை போல்ட், சட்டத்தில் பொருத்தும் பிராக்கெட் எல்லாம் வேண்டும், இவை புதிதாகவே கிடைக்கின்றன. கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கில் மட்டும் கவனம். பிரஷர் பிளேட்டின் விரல்கள் தட்டையாக இருந்தால் நீளமான பேரிங், வளைந்திருந்தால் குட்டையானது. மாற்றிப் போட்டால் இஸட்-பாரை எவ்வளவு திருகினாலும் கிளட்ச் சரிவராது.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டும் மாறும். மன்சியைவிட டர்போ 400 நீளம், அதனால் இப்போது இருக்கும் ஷாஃப்ட் எட்டாது. ஷாஃப்டின் முனையில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் யோக்கும் சேராது, டர்போ 400-இல் 32 பல், பெரும்பாலான மன்சிகளில் 27. பெட்டியைத் தாங்கும் கிராஸ் மெம்பரும் முன்னால் நகர வேண்டியிருக்கும்.

சரி, எந்தப் பெட்டி? பின் ஆக்சிலின் ரேஷியோவை (சக்கரம் ஒரு சுற்று வர டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை) தெரிந்துகொள்ளாமல் முடிவுக்கு வராதீர்கள். ஆட்டோமேட்டிக்குக்காகப் பின்னால் 3.07 போட்டிருந்தால், டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆட்டோமேட்டிக்கில் இருப்பது) இருக்கிறவரை குறை தெரியாது. மன்சியில் எம்20, எம்21, எம்22 என்று வகைகள் உண்டு. எம்21-இன் முதல் கியர் 2.20, ஆக்சில் ரேஷியோவோடு பெருக்கினால் 6.75தான் வருகிறது, ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை நழுவவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எம்20 என்றால் 2.52, அதாவது 7.7, பரவாயில்லை. இரண்டையும் பெருக்கினால் ஒன்பதுக்குப் பக்கத்தில் வந்தால் தெருவில் ஓட்ட நிம்மதி. விற்பவர் எம்20 என்று சொன்னால் அப்படியே நம்பாதீர்கள், இந்தப் பெட்டிகள் பலமுறை பிரித்து மாட்டப்பட்டவை. முதல் கியரில் போட்டு, பின்ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று வரும்வரை முன்ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். இரண்டரைச் சுற்று என்றால் எம்20, இரண்டேகால் கூட வரவில்லை என்றால் எம்21 அல்லது எம்22.

ஹைவேயில் நிறைய ஓட்டுவீர்கள், அசல்தன்மை முக்கியமில்லை என்றால் என் ஓட்டு ட்ரெமெக் டிகேஎக்ஸ் ஐந்து கியருக்குத்தான். முதல் கியர் 2.87, ஐந்தாவது 0.68 உள்ளதை எடுத்தால் 3.31 ஆக்சிலில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் 2,000 ஆர்பிஎம் பக்கத்தில்தான் ஓடும், அதே வேகத்தில் மன்சி 2,900-ஐத் தொடும். ஆனால் கார் நிஜமாகவே நாலு கியராகப் பிறந்தது என்று உறுதியானால் மன்சியே போடுங்கள், அந்தக் காருக்கு அதுதான் நியாயம்.

கடைசியாக சாவி. 1969-இல் ஜிஎம் இக்னிஷனை ஸ்டீரிங் தண்டுக்கு (காலம், column) மாற்றியது. மேனுவல் காரில் கியர்பாக்ஸின் ரிவர்ஸ் லீவரிலிருந்து ஸ்டீரிங் தண்டுக்கு ஒரு கம்பி போகும், ரிவர்ஸில் போட்டால்தான் பூட்டிச் சாவியை எடுக்க முடியும். ஆட்டோமேட்டிக் காரின் ஸ்டீரிங் தண்டை அப்படியே விட்டுவிடாமல் இந்தக் கம்பியையும் சேர்த்துத் தேடுங்கள். நியூட்ரல் சேஃப்டி சுவிட்சுக்கு (கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) போகும் ஒயர்களை வெறுமனே முறுக்கிச் சேர்த்துவிடாதீர்கள், கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து அதன் வழியாகக் கொடுங்கள். கியரில் நிற்கும் 396-இன் ஸ்டார்ட்டரைத் தெரியாமல் தட்டினால் முன்னால் நிற்பவர் மேல் கார் பாயும்.