பிரிக்ஸ் கையில் பந்து – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜானி பிரிக்ஸ் என்ற, இங்கிலாந்தின் லங்காஷயர் அணி இடதுகைச் சுழற்பந்து வீச்சாளரைப் பற்றிப் படித்தேன். 1889 கேப் டவுன் டெஸ்டில் 28 ரன் கொடுத்து 15 விக்கெட் எடுத்தவர். அன்றைய தென்னாப்பிரிக்கா கத்துக்குட்டி அணிதானே, இதைச் சாதனைக் கணக்கில் சேர்க்கலாமா? கடைசியில் பைத்தியம் பிடித்து, மனநலக் காப்பகத்தில் இல்லாத பந்தை வீசிக்கொண்டிருந்தாராம். சிரிப்பு வந்துவிட்டது.

*

அன்புள்ள நண்பருக்கு,

கத்துக்குட்டி அணிதான். அதை டெஸ்ட் என்று சேர்த்துக்கொண்டதே பிற்பாடுதான். ஆனாலும் 14 பேர் போல்டு, ஒருவர் எல்பிடபிள்யூ, கேட்ச் பிடிக்க ஒரு ஃபீல்டர்கூடத் தேவைப்படவில்லை. சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். மெல்போர்னில் சதமும் சிட்னியில் ஹாட்ரிக்கும் அடித்து, டெஸ்டில் முதன்முதலாக 100 விக்கெட் தொட்ட மனிதருக்கு இதனால் ஒன்றும் குறையாது.

சிரிப்பு வந்தது என்றீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

1899 ஜூன் கடைசி, லீட்ஸ் டெஸ்டின் முதல் நாள். மூன்று விக்கெட் எடுத்துவிட்டு சாயங்காலம் நாடகக் கொட்டகைக்குப் போன இடத்தில் வலிப்பு வந்தது. சீடில் காப்பகத்தில் சேர்த்தார்கள். வலிப்புக்கு அன்றைக்கு மருந்து பெரும்பாலும் புரோமைடு உப்புதான். ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்து வர 1912 ஆனது.

உங்கள் கடிதம் அவரைக் காப்பகத்துக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டது. அவர் வெளியே வந்தாரய்யா! 1900இல் திரும்ப லங்காஷயருக்கு ஆடி நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். வூஸ்டர்ஷயருக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் அவருக்கே, 55 ரன்னுக்கு. அதைப் படிக்காமல் எப்படி விட்டீர்கள்? நடு மைதானத்தில் மறுபடி விழுந்தால் என்ன செய்வது என்ற பயம் யாருக்கும் இருந்திருக்கும். இருந்தும் பந்தைக் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பத்து விக்கெட்டை விட இது பெரிது.

மறு வருடம் நோய் திரும்பியது. 1902 ஜனவரியில், 39 வயதில், காப்பகத்திலேயே இறந்தார். வார்டில் ஓவர் ஓவராகப் போட்டுவிட்டு, மாலையில் நர்ஸுகளிடம் அன்றைய விக்கெட் கணக்கைச் சொல்வார் என்று ஒரு கதை உண்டு. நீங்கள் சிரித்தது இதற்குத்தான். பதினாறு வயதில் லங்காஷயருக்கு ஆட வந்தவர், இருபது வருடம் அந்தக் கைக்கு இதுதான் வேலை.

எங்கள் சின்ன மாமாவும் இடதுகை ஸ்பின்தான். டென்னிஸ் பந்து, கண்மாய்க்கரைப் பொட்டல், எனக்குப் பத்து வயது. பந்து போட ஓடி வந்தவர் இரண்டடியில் அப்படியே சாய்ந்தார். இரும்பு பட்டால் நிற்கும் என்று யாரோ சைக்கிள் சாவியை அவர் கையில் திணித்து விரல்களை இறுக்கி மூடினார்கள். உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு துவைத்த வெள்ளைச் சட்டையோடு வந்தார். “நீ உட்காரு மாப்ள, வெயிலா இருக்கு” என்றார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. கருவேல மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு கொய்யாக்காயை விரலிடுக்கில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் பிடித்துக்கொண்டிருப்பார். அதற்கும் ஊரில் பைத்தியம் என்றுதான் பெயர். “இன்னைக்கு எத்தனை விக்கெட் மாமா?” என்று பக்கத்தில் போய் உட்கார எனக்குத் தோன்றவில்லை.