“ஒரு மணி நேரம் மட்டும் அடக்கிக்கோ!”

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 25. திருச்சியில் ஒரு நகைக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை. ஏழு வயதில் கண் சிமிட்ட ஆரம்பித்தேன். கண் டாக்டர் கண்ணாடி மாட்டிவிட்டார். அப்புறம் தொண்டையைச் செருமத் தொடங்கினேன். அதற்கு ஒரு வருடம் இருமல் மருந்து. பாட்டி தாயத்து கட்டினாள். இரண்டு வருடம் முன்புதான் நரம்பியல் டாக்டர் ‘டூரெட் சிண்ட்ரோம்’ என்றார். நாம் நினைக்காமலே அசைவும் சத்தமும் திரும்பத் திரும்ப வரும் நரம்புக் கோளாறாம்.

இப்போது வலது கண் மட்டும் சிமிட்டும், கழுத்து ஒரு வெட்டு வெட்டும். போன மாதம் ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்த ஆள், நான் கண்ணடிப்பதாக நினைத்து, நான் இறங்கிய இடத்திலேயே இறங்கிப் பின்னால் வந்தான். ஓடி வீடு சேர்ந்தேன்.

வரும் ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். “ஒரு மணி நேரம் மட்டும் அடக்கிக்கோம்மா, மத்ததைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறாள் அம்மா. என்னால் அடக்கவும் முடியும். அடக்கட்டுமா?

- ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

பாரிஸ் மருத்துவர் ஜில் த லா டூரெட் 1885-லேயே ஒன்பது நோயாளிகளைப் பார்த்து எழுதிவைத்த கோளாறு இது. உங்களுக்கு அதன் பெயர் தெரிய 23 வயதாகியிருக்கிறது!

“அடக்க முடியும்” என்கிறீர்களே, முடிச்சே அங்கேதான். அடக்க முடிகிறதென்றால் வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் ஊர் நினைக்கும். தும்மலைக்கூடக் கொஞ்ச நேரம் அடக்கலாம். உள்ளே குறுகுறுப்பு ஏறிக்கொண்டே போகும், செய்தால்தான் இறங்கும். அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கவனம் கழுத்திலேயே இருக்கும். மாப்பிள்ளை கேட்டது காதில் விழாது. பதற்றம் வேறு அதைக் கூட்டிவிடும்.

அதனால் ஞாயிற்றுக்கு முன்பே அம்மா ஃபோன் செய்து சொல்லட்டும். தரகர் வழியாக வேண்டாம், அவர் வாயில் அது ‘லேசான நரம்புத் தளர்ச்சி’ ஆகிவிடும். “சின்ன வயசிலிருந்து கண் சிமிட்டும், கழுத்து வெட்டும். டூரெட்னு பேரு. புத்திக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.” இவ்வளவு போதும். அவர்கள் யூடியூபில் தேடினால் கெட்ட வார்த்தை கத்துபவர்கள்தான் முதலில் வருவார்கள்; அது பத்தில் ஓரிருவருக்குத்தான் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு வருமா என்பார்கள். பரம்பரைத் தொடர்பு உண்டு, வந்தே தீரும் என்றில்லை. வந்தாலும் பெரும்பாலும் 10-12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்வயது முடிவதற்குள் நிறைய பேருக்குக் குறைந்துவிடும். இதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பின்வாங்கட்டுமே.

ஆட்டோ ஆள் பின்னால் வந்தது உங்கள் கண் செய்த குற்றமில்லை. இனி அப்படி நடந்தால் வீட்டுக்கு ஓடாதீர்கள், அவனுக்கு வீடு தெரிந்துவிடும். ஆள் இருக்கும் கடைக்குள் நுழைந்து பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

குறுகுறுப்பு வரும்போது அதற்கு எதிரான அசைவைச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. உதாரணமாக, கழுத்து வெட்ட வரும்போது தாடையை லேசாக இறக்கிக் கழுத்தை இறுக்கிப் பிடிப்பது. இதைக் கற்றுத்தரும் உளவியலாளர் யாரென்று உங்கள் நரம்பியல் டாக்டரிடமே கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காபித் தட்டை மட்டும் சித்தியோ அத்தையோ கொண்டுவரட்டும். கழுத்து வெட்டும் நேரத்தில் எட்டு டம்ளர் சூடான காபி எதற்கு?