பில் இல்லை, மூட்டை மட்டும் குறைகிறது

கேள்வி: எங்கள் உரக்கடைக்கு நானே பைத்தானில் பில் போடும் புரோகிராம் எழுதியிருக்கிறேன். டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். சில நாள் ஸ்டாக்கில் மூட்டை குறைந்திருக்கிறது, பில் பதிவாகவில்லை. இரண்டையும் ஒரே ‘வித்’ பிளாக்குக்குள்தான் வைத்திருக்கிறேன். பாதியில் தவறினால் பைத்தானே ரோல்பேக் செய்து, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடாதா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: செய்யும், தவறியது அதற்குத் தெரிந்தால். நீங்கள் அனுப்பிய வரிகளைப் படித்தேன். ‘வித்’துக்கு உள்ளேயே பிழையைப் பிடிக்க ஒரு ‘டிரை’ போட்டு, ‘எக்ஸெப்ட்’டில் “பில் சேமிக்க முடியவில்லை” என்று திரையில் காட்டிவிட்டு மேலே போய்விடுகிறீர்கள். பிழையை அங்கேயே அமுக்கியாயிற்று. அப்புறம் பைத்தானுக்கு எல்லாம் சுபம்தான், கமிட் செய்து மாற்றங்களை நிரந்தரமாக்கிவிடுகிறது. பில் எண் ஏற்கெனவே இருக்கிறது என்று எஸ்க்யூலைட் மறுத்தால், அந்த ஒரு வரியை மட்டும்தான் அது தள்ளும். முன்பே குறைத்த மூட்டை குறைந்ததுதான். ‘டிரை’யை ‘வித்’துக்கு வெளியே கொண்டுபோங்கள்.

இதில் அடிபட்டவன் நான். ஒரு கடன் சங்கத்துக்கு ஜாவா மொழியில், ஸ்பிரிங் என்ற ஃபிரேம்வொர்க் வைத்து எழுதினேன். மெத்தட் தலையில் ‘டிரான்ஸாக்ஷனல்’ (எல்லாம் நடக்கட்டும், இல்லையேல் எதுவுமே வேண்டாம் என்ற குறிப்பு) என்று ஒட்டியதும் நிம்மதியாகத் தூங்கினேன். நாமாகச் சொல்லாவிட்டால் ஸ்பிரிங் ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கும் எரருக்கும்தான் ரோல்பேக் செய்யும். செக்டு எக்ஸெப்ஷன் (கையாளவோ அறிவிக்கவோ வேண்டும் என்று ஜாவா கம்பைலரே வற்புறுத்தும் பிழை) வந்தால் கமிட்! என்னுடையது செக்டு. தவணை வரவில் ஏறியது, கடனில் கழியவில்லை. சங்கத்துக் கணக்கரோடு இரண்டு இரவு பேரேட்டைப் புரட்டினேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘ரோல்பேக்ஃபார்’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். மூட்டை மைனஸில் போகாமலிருக்க பைத்தானில் ‘இஃப்’ வைத்திருக்கிறீர்கள். அதை டேபிளிலேயே ‘செக்’ நிபந்தனையாகவும் எழுதுங்கள். நாளைக்கு வேறு புரோகிராம் கை வைத்தாலும் தடுக்கும். ஃபாரின் கீ சோதனை, அதாவது ஒரு டேபிள் சுட்டும் வரி இன்னொரு டேபிளில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது, எஸ்க்யூலைட்டில் வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷன் திறந்ததும், டிரான்ஸாக்‌ஷன் தொடங்கும் முன்பே, ‘பிராக்மா’ என்ற கட்டளை கொடுத்து அதை இயக்க வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பில் அச்சடிக்கும் வரியையும் ‘வித்’துக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். கமிட் தவறினால் காகிதம் வாடிக்கையாளர் பையில் போயிருக்கும். ஹாஸ்கல் மொழியின் எஸ்டிஎம் என்ற வசதியில் இப்படி எழுதினால் கம்பைலரே விடாது. அது நினைவகத்துக்கான டிரான்ஸாக்‌ஷன், டேட்டாபேஸுக்கு அல்ல. ஆனாலும் அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். பைத்தான் ஒன்றும் சொல்லாது. அந்த வரியை நீங்கள்தான் கமிட்டுக்குக் கீழே இறக்க வேண்டும்.