வாசகர் கேள்விகள்: கார்டன் ரூட்டில் எத்தனை இரவு?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தொடங்கி, கடலை ஒட்டிக் கிழக்கே கெபெர்ஹா வரை (2021 வரை இதன் பெயர் போர்ட் எலிசபெத்) போகும் சாலைப் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். விளம்பரங்கள் இந்தப் பாதை முழுவதையுமே 'கார்டன் ரூட்' என்கின்றன. உண்மையில் மோசல் பே ஊருக்கும் ஸ்டார்ம்ஸ் நதிக்கும் இடைப்பட்ட பகுதிக்குத்தான் அந்தப் பெயர்.

"கேப் டவுன் – கார்டன் ரூட் – ஆடோ, 4 இரவு 5 பகல், வழிகாட்டியுடன் வேன்" என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். ஐந்து நாள் போதுமா?

போதாது. என்-2 நெடுஞ்சாலையில் நேராகப் போனால் மொத்தத் தூரம் சுமார் 750 கி.மீ.தான். ஆனால் பார்க்க வேண்டிய இடங்களில் பல நெடுஞ்சாலை ஓரத்தில் இல்லை. அவற்றுக்கு நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போய், திரும்பி வர வேண்டும். ஐந்து நாள் திட்டத்தில் விடிந்ததும் பெட்டி கட்டுவீர்கள், நண்பகலில் பூங்காவுக்குப் போய்ச் சேருவீர்கள், படம் எடுப்பீர்கள், மறுபடி வேன் ஏறுவீர்கள். விலங்குகள் நடமாடுவதோ அதிகாலையிலும் மாலையிலும். அந்த நேரம் முழுக்க நீங்கள் சாலையில் இருப்பீர்கள்.

எங்கள் கணக்கு 9 இரவு: கேப் டவுனில் 3, ஹெர்மானஸில் 1, வைல்டர்னெஸ் அல்லது நைஸ்னாவில் 2, ஸ்டார்ம்ஸ் நதி முகத்துவாரத்தில் 1, கெபெர்ஹாவுக்கு அருகே உள்ள ஆடோ யானைப் பூங்காவில் 2. விடுமுறை குறைவு என்றால் கேப் டவுனிலும் நைஸ்னாவிலும் ஒவ்வோர் இரவைக் குறையுங்கள். ஆடோவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேப் டவுனுக்கு மூன்று இரவு கேட்பதற்குக் காரணம் காற்று. டேபிள் மவுண்டன் கேபிள் கார் பலத்த காற்றடித்தால் நின்றுவிடும். கோடையில் தென்கிழக்குக் காற்று வீசும்போது மலையின் தட்டையான உச்சியில் வெள்ளைத் துணி விரித்த மாதிரி மேகம் வழியும். கீழே வெயில் பளிச்சென்று அடிக்கும், மேலே போக வழி இருக்காது. அதனால் மலையைக் கடைசி நாளுக்கு வைக்கவே கூடாது. வானம் தெளிவாக இருக்கும் முதல் காலையிலேயே ஏறிவிடுங்கள். நாள்களை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை வழிகாட்டிக்கு உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கேப் டவுனுக்குத் தெற்கே நீளும் கேப் தீபகற்பத்தைச் சுற்றும் நாளில் திசை முக்கியம். பெரும்பாலான வேன்கள் சாப்மன்ஸ் பீக் சாலை வழியாகத் தெற்கே போகின்றன. அதைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். காலையில் முதலில் போல்டர்ஸ் கடற்கரைப் பென்குயின்கள், பிறகு கேப் பாயின்ட், மாலையில் சாப்மன்ஸ் பீக் வழியாக வடக்கே திரும்புதல். அங்கே வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடும். வடக்கு நோக்கி வரும்போது கடல் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும், கீழே விழும் பாறைச் சரிவை ஒட்டியே வண்டி வரும். 9 கி.மீ. தூரத்தில் 114 வளைவுகள் உள்ள அந்தச் சாலையில் மேற்கே சூரியன் இறங்கும் நேரத்தில் வருவதற்கும், காலையில் மலைச்சுவரை ஒட்டிப் போவதற்கும் நிறைய வித்தியாசம். கல் சரியும் அபாயம் இருந்தால் சாலையை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரிக்க வேண்டியது வழிகாட்டியின் வேலை.

எந்த மாதம் போகலாம்? திமிங்கிலம் கரையிலிருந்தே தெரியும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். சதர்ன் ரைட் திமிங்கிலங்கள் ஜூன் முதல் நவம்பர் வரை குட்டி போடவும் இணை சேரவும் இந்தக் கடற்கரைக்கு வருகின்றன. ஹெர்மானஸ் ஊரின் பாறைக்கரையை ஒட்டி சுமார் 12 கி.மீ. நடைபாதை இருக்கிறது. சில நாள்களில் அங்கிருந்து கல்லெறி தூரத்தில் தாயும் குட்டியும் மிதப்பதைப் பார்க்கலாம். அடையாளம் எளிது: முதுகுத் துடுப்பு கிடையாது, தலையில் வெள்ளை வெள்ளையாகச் சொரசொரப்பான தடிப்புகள், மூச்சு விடும்போது நீர்த்தூவல் 'வி' எழுத்துப் போல இரண்டாகப் பிரியும்.

திமிங்கிலம்தான் முதல் விருப்பம் என்றால் செப்டம்பர், அக்டோபர். அது வேண்டாம், மழையும் காற்றும் கூட்டமும் இல்லாமல் இருந்தால் போதும் என்றால் மார்ச், ஏப்ரல். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை அந்நாட்டுப் பள்ளி விடுமுறை, தங்குமிடம் கிடைப்பது கடினம். கேப் டவுனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம். வைல்டர்னெஸ், நைஸ்னா பக்கம் ஆண்டு முழுவதும் மழை கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அங்கே காடு பச்சையாக இருப்பதே அதனால்தான். மழைச்சட்டை எந்த மாதமும் தேவை.

படகில் போவதானால் உரிமம் பெற்ற படகா என்று பாருங்கள். உரிமம் உள்ள படகு திமிங்கிலத்துக்கு 50 மீட்டர் வரை நெருங்கலாம், மற்றவை 300 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

நிறுவனம் தரும் பயணத் திட்டத்தில் "தேசியப் பூங்காக்கள் உட்பட" என்று ஒரே வரிதான் இருக்கிறது. என்னென்ன கேட்டுத் தெளிய வேண்டும்?

முதலில் நுழைவுக் கட்டணம். தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று 'பாதுகாப்புக் கட்டணம்' உண்டு. வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரைவிடப் பல மடங்கு. ஆடோவில் இரண்டு நாள் சுற்றினால் இரண்டு நாளுக்கும் கட்ட வேண்டும். அந்தத் தொகை வேன் கட்டணத்துக்குள் அடக்கமா, வாயிலில் நீங்கள் ராண்டில் (அந்நாட்டு நாணயம்) கட்டுவதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பல பூங்காக்கள் போகிறவர்களுக்கு 'வைல்ட் கார்டு' என்ற ஆண்டு அட்டை இருக்கிறது. பூங்கா நாள்களை எண்ணி, இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, வழிகாட்டியின் பதிவு. பலர் இதைக் கேட்பதே இல்லை. அந்நாட்டில் சம்பளத்துக்கு வழிகாட்டுகிறவர் அரசிடம் பதிவு செய்து பேட்ஜ் வைத்திருக்க வேண்டும். பதிவு மூன்று வகை: ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, ஒரு மாகாணத்துக்கு, நாடு முழுவதுக்கும். உங்கள் பாதை மேற்கு கேப் மாகாணத்தில் தொடங்கி, புளூக்ரான்ஸ் ஆற்றைத் தாண்டியதும் கிழக்கு கேப் மாகாணத்துக்குள் போய்விடும். மேற்கு கேப் பதிவு மட்டும் உள்ளவர் அதற்கு அப்பால் வழிகாட்ட முடியாது. தேசியப் பதிவு அல்லது இரு மாகாணப் பதிவு உள்ளவர் வேண்டும் என்று கேளுங்கள். வண்டி ஓட்டுபவருக்குப் பயணிகளை ஏற்றுவதற்கான தனி அனுமதி அட்டையும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆடோவில் சுற்றுவது எந்த வண்டியில்? வந்த வேனிலேயேவா, பூங்காவின் உயரமான திறந்த வண்டியிலா? ஒரு முறையாவது திறந்த வண்டியில் அதிகாலைச் சுற்று இருக்க வேண்டும். வேன் ஜன்னலின் உயரத்துக்குப் புதர்தான் தெரியும்.

அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி. ஸ்டார்ம்ஸ் நதி முகத்துவாரத்தில் உள்ள சிட்சிகாமா தொங்கு பாலம் வரை நடக்க முடியுமா?

தூரம் பெரிதல்ல, போக 1 கி.மீ., வர 1 கி.மீ. ஆனால் சமதரை கிடையாது. காட்டுக்குள் மரப்பலகைப் பாதை, ஏறி இறங்கும் படிகள். மழை பெய்திருந்தால் பலகை வழுக்கும். போகும்போது இறக்கம் கூடுதல் என்பதால் சுலபம் போலத் தோன்றும், திரும்பும்போதுதான் முழங்கால் பேசும். கைத்தடி, ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ, அவசரமில்லாத ஒன்றரை மணி நேரம் இருந்தால் பலரால் முடிகிறது. 77 மீட்டர் நீளப் பாலம் நடக்கும்போது ஆடும், இருபுறமும் கம்பிப் பிடிமானம் உண்டு. முடியாவிட்டாலும் குறை இல்லை. முகாமில் தங்கும் குடில்கள் பாறையில் அலை மோதும் இடத்துக்கு நேர் எதிரே வரிசையாக இருக்கின்றன. வாசலில் உட்கார்ந்தபடியே அம்மா கடலைப் பார்க்கலாம்.

முன்பதிவில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 'ஸ்டார்ம்ஸ் ரிவர் வில்லேஜ்' வேறு, 'ஸ்டார்ம்ஸ் ரிவர் மவுத்' (முகத்துவாரம்) வேறு. முதலாவது நெடுஞ்சாலைப் பக்கம் உள்ள ஊர், அங்கிருந்து கடல் தெரியாது. பூங்காவும் பாலமும் குடில்களும் இரண்டாவதில்தான். தங்குமிடத்தின் பெயரில் 'ஸ்டார்ம்ஸ் ரிவர்' என்று மட்டும் இருந்தால் எது என்று கேட்டுவிடுங்கள்.

ஆடோவில் ஒரு நாள் சுற்றியும் யானையே பார்க்காமல் திரும்பினோம் என்கிறார் ஒரு நண்பர். 600க்கும் மேல் யானைகள் உள்ள இடத்தில் அது எப்படி?

அன்று குளிரோ மழையோ இருந்திருக்கும். ஆடோ புல்வெளி அல்ல. ஸ்பெக்பூம் என்ற, சாறு நிறைந்த சிறு இலைகள் கொண்ட செடி ஆளுயரத்துக்கு மேல் நெருக்கமாக வளர்ந்த புதர்க்காடு. அந்த இலையிலேயே நீர் இருப்பதால், குளிர்ந்த நாளில் யானைகள் குட்டைக்கு வர அவசியமில்லை. சாலையிலிருந்து இருபது அடி தள்ளி ஒரு கூட்டம் மேய்ந்தாலும் கிளை ஒடியும் சத்தம் மட்டும்தான் கேட்கும். வெயில் ஏறிய நாளில் நிலைமை தலைகீழ். முற்பகலிலிருந்து கூட்டம் கூட்டமாக ஹபூர் போன்ற குட்டைகளுக்கு இறங்கும். அப்படிப்பட்ட நாளில் ஊர் சுற்றாமல் ஒரே குட்டையருகே இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பதுதான் பலன் தரும். இரண்டு இரவு தங்கச் சொல்வது இதற்காகவே. ஒரு நாள் குளிர்ந்தாலும் மறுநாள் கைகொடுக்கும். பிரதான முகாமுக்குள் தங்கினால் இரவில் விளக்கொளியில் தெரியும் குட்டை ஒன்றும் உண்டு. வாயில் மூடிய பிறகு அதைப் பார்க்கும் வாய்ப்பு தங்குகிறவர்களுக்கு மட்டும்தான்.

யானைகள் வந்தால் பெண் யானைகளின் வாயைக் கவனியுங்கள். ஆப்பிரிக்கப் பெண் யானைக்குத் தந்தம் இருப்பது வழக்கம். இங்கே பெரும்பாலானவற்றுக்கு இல்லை. 1931இல் பூங்கா தொடங்கியபோது வேட்டைக்குத் தப்பி மிஞ்சியவை வெறும் 11. அந்தச் சிறு கூட்டத்தின் மரபுதான் இன்றைய பெண் யானைகளிடம் தெரிகிறது.

ஆரஞ்சு, எலுமிச்சை எதையும் பையில் வைத்திருக்காதீர்கள், உள்ளே கொண்டுபோகத் தடை. முன்பு யானைகளைப் பூங்காவுக்குள் இருத்தி வைக்க ஆரஞ்சுப் பழங்களைக் கொட்டினார்கள். பழத்துக்காக ஒன்றையொன்று தாக்கிக்கொள்ளும் அளவுக்கு அவை அடிமையாகின. 1979இல் அந்தப் பழக்கம் நிறுத்தப்பட்டது, தடை இன்றும் தொடர்கிறது.

வேக வரம்பு 40 கி.மீ. சாலையில் யானைச் சாணம் கிடந்தால் அதன் மேல் ஏற்றாமல் விலகி ஓட்டுங்கள். பறக்க முடியாத அரிய சாண வண்டு அதற்குள் இருக்கும், அதற்கு வழி விடச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள். காதுக்கு முன்னால் கன்னத்தில் ஈரக்கோடு வழிய, பின்னங்கால் நனைந்திருக்கும் ஆண் யானை எதிரே வந்தால் அது மதத்தில் இருக்கிறது. ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் பின்னால் எடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் ஒருபோதும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

நன்னம்பிக்கை முனையில்தானே இரு பெருங்கடல்கள் கலக்கின்றன? அகுல்யாஸ் வரை போகத்தான் வேண்டுமா?

அட்லாண்டிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் எல்லையாக ஏற்கப்பட்டிருப்பது அகுல்யாஸ் முனைதான். ஆப்பிரிக்காவின் தென்கோடியும் அதுவே. நன்னம்பிக்கை முனை தென்மேற்குக் கோடி மட்டும். அகுல்யாஸில் செங்குத்துப் பாறையோ நிறம் மாறும் நீரோ இல்லை, தாழ்ந்த கற்கரையும் 1849இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கமும்தான். ஹெர்மானஸிலிருந்து கிழக்கே போகும் வழியில் அரை நாள் கூடுதலாகும். அன்றிரவு ஸ்வெல்லன்டாம் ஊரில் தங்கி, பக்கத்திலேயே உள்ள பான்டெபாக் தேசியப் பூங்காவில் மறுநாள் காலையில் நடப்பதானால் போகலாம். அதே நாளில் வைல்டர்னெஸ் போய்ச் சேர வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள்.

மலேரியா மாத்திரை, தடுப்பூசி, பிளக் பற்றிச் சொல்லுங்கள்.

இந்தப் பாதையில் மலேரியா இல்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, அந்நோய் உள்ள நாட்டிலிருந்து வந்தாலோ, அங்குள்ள விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இடைத்தங்கல் இருந்தாலோ கேட்கப்படும். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது இடைத்தங்கல் நேரத்தைப் பாருங்கள். மின்சாரம் 230 வோல்ட். நம் வீட்டு ஏ.சி.க்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக் அங்குள்ள சாக்கெட்டில் பொருந்தும், செல்போன் சார்ஜரின் சிறிய பிளக் பொருந்தாது. அப்படிப் பெரிய முள் கொண்ட ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்துப் போனால் குடும்பம் முழுவதும் அதிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.