டெபிட் கார்டில் ‘பெண்டிங்’: கேள்வி பதில்

வங்கியொன்றின் கார்டு பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆன்லைன் கணக்கில் ‘பெண்டிங்’ என்று காட்டும் டெபிட் கார்டு தொகைகளைப் பற்றிக் கேளுங்கள். கார்டு எண்ணையும் ஓடிபியையும் மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

புதிதாகக் கணக்கு தொடங்கியவர்: அக்கா, நேற்று வாங்கிய பொருளுக்கு பெண்டிங் என்று வருகிறது. பணம் போய்விட்டதா, இல்லையா?

இன்னும் போகவில்லை. ஆனால் அதை நீங்கள் வேறு செலவுக்கு எடுக்கவும் முடியாது. கார்டைப் போடும்போது கடையின் மெஷின் உங்கள் வங்கியிடம் அனுமதி கேட்கிறது. வங்கி இருப்பைப் பார்த்து ‘அப்ரூவல் கோடு’ என்ற அனுமதிக் குறியீட்டை அனுப்பிவிட்டு, அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. சில நொடிகளில் முடிகிற வேலை இது. பணம் கைமாறுவது பிறகுதான். கடை தன் விற்பனைக் கணக்கைத் தன் வங்கிக்கு அனுப்பி, அது விசா, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க் வழியாக உங்கள் வங்கிக்கு வந்து சேர வேண்டும். அதுவரை பெண்டிங். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வேலை நாள். நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளிப்போகும். பின் நம்பர் போட்டு எடுக்கும் பணம் பல நேரம் பெண்டிங்கில் நிற்காமல் நேராகவே கழிந்துவிடும்.

திரையில் இரண்டு இருப்பு தெரியும். கணக்கு இருப்பில் ஒதுக்கிய தொகையும் சேர்ந்தே இருக்கும். பயன்படுத்தக்கூடிய இருப்பில் அது கழிந்திருக்கும். செலவு செய்யும் முன் இரண்டாவதைப் பாருங்கள்.

இணையத்தில் வாங்குபவர்: ஒரு வாரமாக பெண்டிங்கில் இருந்த தொகை இன்று காணோம், இருப்பும் ஏறிவிட்டது. கடை மறந்துவிட்டது போல. செலவு செய்யலாமா?

செய்யாதீர்கள். ஒதுக்கி வைப்பதற்கு ஒரு காலக்கெடு உண்டு. அது தாண்டினால் வங்கியின் சிஸ்டம் தானாக விடுவித்துவிடும். ஆனால் கடையின் பில் அதற்குப் பிறகும் வரலாம், வந்தால் உங்கள் கணக்கில் கழியும். அந்த நேரத்தில் பணம் இல்லையென்றால் கணக்கு மைனஸில் போய்விடும். பொருள் கைக்கு வந்துவிட்டதென்றால் அந்தப் பணத்தைத் தொடாமல் வையுங்கள். பெண்டிங் மறைந்தால் கடன் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. இதை நம்பிச் சிக்கியவர்கள் நிறையப் பேர்.

பயணம் முடிந்து வந்தவர்: விடுதியில் அறைக்கு முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்தார்கள். காலி செய்து பத்து நாள் ஆகிறது, இன்னும் பெண்டிங். விடுதியில் “நாங்கள் விட்டுவிட்டோம், வங்கியைக் கேளுங்கள்” என்கிறார்கள். வங்கியில் “விடுதியைக் கேளுங்கள்” என்கிறார்கள். யாரைத்தான் நம்புவது?

இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை. விடுதியும் வாடகைக் காரும் கடைசி பில் எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாத தொழில்கள். அதனால் அவற்றுக்கு நீண்ட கெடு உண்டு. 30 நாள் வரைகூடப் பிடித்து வைக்க முடியும். ‘விட்டுவிட்டோம்’ என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ரிவர்சல் என்ற ரத்துச் செய்தியை மெஷினிலிருந்து அனுப்பியிருக்கலாம். இல்லை, அந்தத் தொகையைக் கோராமல் சும்மா விட்டிருக்கலாம். சும்மா விட்டால் அது வங்கிக்கு எப்படித் தெரியும்? கெடு முடியும்வரை காத்துக்கொண்டுதான் இருக்கும்.

விடுதியிடம் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: பிடித்த தேதி, தொகை, அப்ரூவல் கோடு. கோடு ஆறு இலக்கம் அல்லது எழுத்து, சீட்டிலேயே அச்சாகியிருக்கும். இனி அந்தத் தொகையைக் கோரமாட்டோம் என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள். அதை வங்கியின் கார்டு பிரிவுக்கு அனுப்புங்கள். வெறுமனே “பணத்தை விடுங்கள்” என்று கேட்டால் யாரும் விடமாட்டார்கள்.

விடுதி வரவேற்பில் இருப்பவர்: மேடம், பழியை எங்கள் மேல் போடுகிறீர்கள். கடைசி பில் போட்டதும் பழைய அனுமதி தானாக முடிந்துவிடும். வங்கிதான் பிடித்து வைத்து வட்டி பார்க்கிறது.

தானாக முடிவது எப்போது தெரியுமா? முதலில் வாங்கிய அதே அப்ரூவல் கோட்டோடு கடைசி பில்லைப் போட்டால்தான். காலி செய்யும்போது கார்டைப் புதிதாக இன்னொரு முறை போட்டால் அது தனிப் பரிவர்த்தனை. முதலில் பிடித்தது அப்படியே அநாதையாக நிற்கும். வட்டி விஷயத்துக்கு வந்தால், ஒதுக்கிய பணம் வாடிக்கையாளர் கணக்கை விட்டுப் போவதில்லை. வட்டி பொதுவாகக் கணக்கு இருப்பின் மேல்தான் கணக்கிடப்படும்.

பயணம் முடிந்து வந்தவர்: அக்கா, கிளம்பும் அன்று காலையில் கார்டை மறுபடி வாங்கிப் போட்டார்கள்! இரண்டு சீட்டும் என்னிடம் இருக்கிறது.

அப்போது விஷயம் வெளிச்சம். இரண்டு சீட்டிலும் அப்ரூவல் கோடு வேறு வேறாக இருக்கும், பாருங்கள். முதல் சீட்டின் கோட்டைத்தான் ரத்து செய்யச் சொல்ல வேண்டும்.

விடுதி வரவேற்பில் இருப்பவர்: விருந்தினரே வேறு கார்டில் கட்டுகிறேன் என்றால் நாங்கள் என்ன செய்வது?

நியாயமான கேள்வி. முதல் கார்டில் பிடித்ததற்கு ரிவர்சல் அனுப்பிவிட்டு, அப்புறம் இரண்டாவது கார்டை வாங்குங்கள். ரத்துச் சீட்டை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். வங்கிகள் பக்கமும் குறை இருக்கிறது. ரிவர்சலில் தொகையோ கோடோ பொருந்தாவிட்டால் சிஸ்டம் அதை ஓரமாகத் தள்ளிவிடும். ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்து விடுவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் “காத்திருங்கள்” என்று சொல்லி போனை வைப்பது தவறு, எங்கள் பிரிவிலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயணம் போகிறவர்களுக்கு ஒன்று: கிரெடிட் கார்டு இருந்தால் முன்பணத்துக்கு அதைக் கொடுங்கள். டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் சாப்பாட்டுப் பணம்.

மாணவி: பெண்டிங் என்றால் பணம் போய்விட்டதா?

முதல் பதிலைப் படியுங்கள், அம்மா.

வண்டி ஓட்டுபவர்: போட்ட எரிபொருளைவிட அதிகத் தொகை பெண்டிங்கில் காட்டுகிறது.

நீங்கள் எவ்வளவு போடுவீர்கள் என்று தானியங்கி பம்புக்கு முன்னால் தெரியாது. ஒரு குத்துமதிப்புத் தொகைக்கு அனுமதி வாங்கிவிடுகிறது. சரியான தொகை வந்ததும் மாறிவிடும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: நான் எங்கேயும் கார்டு போடவில்லை. ஆனால் மிகச் சிறிய தொகை ஒன்று பெண்டிங்கில் இருக்கிறது.

அண்மையில் ஏதாவது செயலியில் கார்டைச் சேர்த்தீர்களா? கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க அப்படி அனுப்புவார்கள், தானாக மறைந்துவிடும். கடைப்பெயர் புரியாமல் இருந்தால் அதன் தாய் நிறுவனத்தின் பெயரா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இப்போதே கார்டை முடக்குங்கள். திருடர்களும் சின்னத் தொகையில்தான் சோதித்துப் பார்ப்பார்கள். முடக்கினால் புதியவை நிற்கும். ஏற்கெனவே அனுமதி வாங்கியது வந்து கழியலாம், ஆகவே வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்குபவர்: ஆர்டரை ரத்து செய்தேன். ரீஃபண்ட் வரவில்லை, ஆனால் பெண்டிங்கையும் காணோம்.

பணம் கைமாறுவதற்குள் ரத்தானால் ரீஃபண்ட் என்று தனி வரி வராது. பெண்டிங் மறைந்து இருப்பு ஏறும், அவ்வளவுதான். கழிந்த பிறகு ரத்தானால்தான் தனி வரவாக வரும். அது தாமதமானால் கடையிடம் ஏஆர்என் கேளுங்கள், அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 23 இலக்க எண் அது. அதை வைத்து வங்கி தேடிவிடும்.

வேலை தேடுபவர்: பெண்டிங் தொகையை விடுவிப்பதாக ஒருவர் போன் செய்து ஓடிபி கேட்கிறார்.

போனை வையுங்கள். தொகையை விடுவிக்க ஓடிபி தேவையே இல்லை. கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்.

புதியவர்: பெண்டிங் எத்தனை நாளில் போகும்? அப்புறம், வீட்டுக் கடன் வட்டி குறையுமா?

முதல் கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. கடன் என் துறை இல்லை, உங்கள் கிளையில் கேளுங்கள்.