வெளியே சிரிப்பு, உள்ளே கொதிப்பு

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். கணவருக்கு இரண்டு தம்பிகள், இருவரும் கோலாலம்பூரில். தீபாவளிக்கு மட்டும் வருவார்கள். நான் காலையில் வந்து படுத்ததும் மாமனார் கதவைத் தட்டி, “கரண்டு பில் கட்டியாச்சா?” என்பார். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. “கட்டியாச்சு மாமா” என்று சிரித்தபடி சொல்வேன், உள்ளே கொதிக்கும். அக்கம்பக்கத்தில் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள், கேட்கவே கூசுகிறது. ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம்மில், மோரல் (நன்னெறி) பாடத்துக்கு 36 நெறிகளையும் விளக்கத்தோடு மனப்பாடம் செய்து ஏ வாங்கியவள் நான். இன்னும் ஒப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேனா? மனம் ஒட்டாமல் செய்வது நடிப்புத்தானே?

– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, அக்கம்பக்கத்தார் பார்க்காத நேரத்திலும் “கட்டியாச்சு மாமா” என்றுதானே சொல்கிறீர்கள்? அப்புறம் யாருக்காக நடிக்கிறீர்கள்?

ஆனாலும் உங்கள் சந்தேகம் லேசானதல்ல. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இதை யோசித்திருக்கிறார். உள்ளே இழுக்கும் ஆசையையோ கோபத்தையோ அடக்கி நல்லது செய்பவர் ஒரு ரகம். அந்த இழுபறியே இல்லாமல் விரும்பிச் செய்பவர் இன்னொரு ரகம். நற்குணம் முழுசாக அமைந்திருப்பது இரண்டாமவரிடம்தான் என்பார் அவர். இத்தோடு நிறுத்தினால் உங்களுக்குக் கூச்சம் கூடத்தான் செய்யும். ஆனால் அந்த நிலைக்குப் போகும் வழியையும் அவரே சொல்கிறார்: வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், நியாயமாக நடந்து நடந்துதான் நியாயவான் ஆகிறோம். விளக்கத்தை ஒப்பித்து யாரும் ஆனதில்லை. (36 நெறிகளுக்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைய பரீட்சை அப்படி.) தூக்கக் கலக்கத்திலும் சுள்ளென்று விழாமல் பதில் சொல்கிறீர்களே, அது ஒப்பிப்பதாகாது. பழகுகிறீர்கள்.

அப்படியென்றால் கொதிப்பு? பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பிலிப்பா ஃபுட் 1978-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இங்கே உதவும். சிரமப்பட்டு நல்லது செய்பவர் உயர்ந்தவரா, சுலபமாகச் செய்பவரா என்ற பழைய சண்டைக்கு, அந்தச் சிரமம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னார் அவர். எதைக் கண்டாலும் திருடத் துடிக்கும் மனம் என்றால் அது குணத்தின் குறை. வறுமை துரத்தும்போதும் கை நீட்டாதவருக்கோ, அந்தச் சிரமமே நேர்மையின் பெருமையைக் கூட்டுகிறது. விடிய விடிய வேலை செய்து, பாலம் தாண்டி வந்து படுத்தவரைத் தட்டி எழுப்பினால் யாருக்குத்தான் எரியாது? நன்றாகத் தூங்கிய ஒரு லீவு நாளில் மாமா அதே கேள்வியைக் கேட்கும்போது என்ன ஆகிறது என்று கவனியுங்கள். அன்றைக்கு எரியவில்லை என்றால், திருத்த வேண்டியது உங்கள் குணத்தை அல்ல, வீட்டு நேர அட்டவணையை. காலை வேளையில் மாமாவைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தீபாவளிக்கு ‘மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கொதிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. கோபப்பட வேண்டியதற்கும் கோபப்படாதவரை அரிஸ்டாட்டில் மெச்சவில்லை; அவரை முட்டாளாகத்தான் எண்ணுவார்கள் என்கிறார். சரியான ஆளிடம், சரியான காரணத்துக்கு, சரியான நேரத்தில், அளவோடு என்பதுதான் அவர் கணக்கு. நம் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவரே சினம் காப்பவர் என்றார் வள்ளுவர். உங்களை நம்பியிருக்கும் முதியவரிடம் நீங்கள் செய்வது அதைத்தான். கொழுந்தனார்களிடமும் வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் பொறுமையில் சேர்க்க மாட்டேன். நீங்களும் கணவரும் சேர்ந்து பேசுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், போனில். பணம் அனுப்புகிறோம் என்பார்கள். சரி, அனுப்பட்டும், ஆனால் நாள் கேளுங்கள். மாதத்தில் எந்த வாரக்கடைசி யார் வருவது என்று அந்தப் போனிலேயே முடிவாகட்டும்.

அப்புறம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதை ‘வயசானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அன்றைக்கு லீவு போட்டு அவரைக் கூட்டிப்போகும் பொறுப்பு கொழுந்தனார்களில் ஒருவருடையது.